இரும்பு ஆகாத இடம்

ஏ தாயி, கோவிச்சுக்கிடாத. உன் பையில இரும்புச் சாமான் ஏதாவது வச்சிருக்கியா?

சாவியா? வேண்டாம், வேண்டாம், உள்ள வையி. சும்மாதான் கேட்டேன். பதறி அடிச்சு ஓடி வந்ததுல வீட்டுல இருந்து ஒரு கரண்டியக்கூட எடுக்கல. எடுத்திருந்தாலும் ஆகாது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு இரும்பு. அது டவுன்ல ஒரு ஆபீசு அலமாரியில கிடக்கு. அத வாங்கத்தான் போறேன். கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி. இந்த டிரைவர் என்ன, மாட்டு வண்டியா ஓட்டுதாரு? கால அழுத்தினா தேஞ்சா போயிரும்?

எம் மக ஆஸ்பத்திரியில கிடக்கா. கோமு. கோமதின்னு பேரு, நாங்க கோமுன்னுதான் கூப்பிடுவோம். இது மூணாவது பேறு. முதல் ரெண்டும் தங்கல. ஒண்ணு வயித்துலயே போயிருச்சு. இன்னொண்ணு பிறந்து, முழிச்சுப் பாத்துட்டு, அன்னைக்குப் பொழுது சாயுததுக்குள்ள போயிருச்சு. ஆம்பளப் பிள்ளை தாயி. மூக்கு அப்படியே எங்க வீட்டுக்காரரு மூக்கு. இப்ப இது எட்டாம் மாசம். காலு ரெண்டும் பானை மாதிரி வீங்கி, தலை இடிக்குன்னா, கண்ணு இருட்டுதுன்னா. தூக்கிட்டுப் போயிச் சேத்தாச்சு. ரத்தக் கொதிப்பு ஏறிருச்சாம். டாக்டரு அப்படித்தான் சொல்லுவாரு, அவருக்குத் தெரிஞ்சது அது. எனக்குத் தெரிஞ்சத நான் உனக்குச் சொல்லுதேன்.

எங்க மருமவன் பேரு ஆவுடையப்பன். நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். ஆனா அவரு வேலை பாத்த இடம் இருக்கே, அது நல்ல இடமில்ல. நாங்குநேரிக்கு அங்கிட்டு, உடைமரமும் பனையும் தவிர ஒண்ணும் முளைக்காத பொட்டல். அங்க வேலி போட்டு சூரியன ஆராய்ச்சி பண்ணுதாங்க. குழாய் வச்சுப் பாக்கதுன்னு நினைக்காத. நானும் அப்படித்தான் நினைச்சுப் போனேன். ஒரு கொட்டகை, அவ்வளவுதான். சூரியன்ல ஏதாவது கோளாறுன்னா இங்க பூமியோட காந்தம் ஆடுமாம். அந்த ஆட்டத்த அந்தக் கொட்டகைக்குள்ள ஒரு பெட்டி பிடிச்சு, தள்ளி ஒரு அறையில கம்ப்யூட்டர்ல கோடாக் காட்டுமாம். பூமிக்கு இடுப்புக்கயிறு கட்டுன மாதிரி ஒரு காந்தக் கோடு ஓடுதாம், அது நம்ம பக்கமாத்தான் போகுதாம். வேற ஊரு கிடைக்கலியா அந்தக் கோட்டுக்கு?

காந்தம் பாக்க இடத்துல இரும்பு இருக்கப்படாதுல்லா? அதனால கொட்டகையில ஒரு ஆணி இரும்புல கிடையாது. செம்பு ஆணி, பித்தளைக் கீலு. சைக்கிள வேலிக்கு வெளியவே போட்டுரணும். சாவி, பேனாக்கத்தி, வெத்திலைப் பெட்டி, எல்லாத்தையும் வாசல்ல ஒரு மரப்பெட்டியில போட்டுட்டுத்தான் உள்ள காலு வைக்கணும். நான் முதல்முதல்ல போனப்ப எங்க மருமவன் வாசல்ல நின்னுக்கிட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டு, "அத்தை, ஊக்கு"ங்காரு. என்ன ஊக்குன்னேன். "தாலிச் செயின்ல போட்டிருப்பீங்கல்லா"ங்காரு. எல்லாருகிட்டயும் கேட்ட பழக்கம் அவருக்கு. நாந்தான் செயினே இல்லாதவளாச்சே, எங்க வீட்டுக்காரரு போயி எத்தனையோ காலம். சேலை மாராப்புல ஒண்ணு குத்தியிருந்தேன். மாமியாக்கிட்ட மருமவன் ஊக்கக் கழட்டுங்கன்னு கேக்குத இடம் உலகத்துல அது ஒண்ணுதான் தாயி. கழட்டிக் கொடுத்துட்டு மாராப்ப இழுத்து இடுப்புல சொருகிக்கிட்டுப் போனேன்.

அவங்களுக்கு வீடும் வேலிக்குள்ளதான். கொட்டகையில இருந்து தள்ளி இருக்கும். வீட்டுக்குள்ள ஒரு அருவாமணை, ஒரு தோசைக்கல்லு. அதது இருக்க இடத்துல இருக்கணும். வாசப்படி தாண்டப்படாது.

இப்பச் சொல்லு. பிள்ளைத்தாச்சி வாசல் தாண்டினா கையில ஒரு இரும்பக் குடுத்து விடுவோமா மாட்டோமா? ஒரு சாவி, ஒரு பாக்குவெட்டி, ஏதோ ஒண்ணு. உங்க அம்மா செய்யல? செஞ்சிருப்பா, நீ மறந்திருப்ப. எம் மக கல்யாணமாகி அந்த வேலிக்குள்ள போன நாள்ல இருந்து இரும்பில்லாம நடந்தா. அந்த வேலிக்குள்ள இரும்பு இல்ல, எம் மகளுக்குப் பிள்ளை இல்ல. இதுல நான் என்ன இட்டுக்கட்டிச் சொல்லுதேன்? ரெண்டும் போச்சுல்லா?

அதனால இந்தத் தடவ நானே போயி உக்காந்துட்டேன், கூட இருந்து பாக்கணும்னு.

அங்க ஒரு பிள்ளை இருந்தா. ஜெபசெல்வி. நாசரேத்துப் பக்கம். டாக்டருக்குப் படிக்கா, ஆனா ஊசி போடுத டாக்டர் இல்ல, சூரியனுக்கு டாக்டர். மெலிஞ்சு போயி, தலைய வாராம, ஒரு பழைய சுடிதாரோட அலைவா. அவளுக்கும் எம் மகளுக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். "அக்கா"ன்னு இவ கூப்பிட்டா போதும், அவ ஓடி வந்துருவா. காலையில ஒரு சின்னக் குழாய வெயிலுக்கு நேரா நிறுத்தி, வெள்ளக் காயிதத்துல சூரியன விழ வைப்பா. கோமு காயிதத்த அசையாமப் பிடிச்சுக்கிடுவா. எனக்கும் காட்டினாங்க. இட்டலி அளவுக்கு வெளிச்சம். அதுல கறுப்பா புள்ளி.

"என்னட்டி இது, சூரியனுக்கு அம்மை போட்டிருக்கு?"ன்னேன்.

ஜெபா விழுந்து விழுந்து சிரிச்சா. "அம்மைதான் பெரியம்மா. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெரிய காந்தம். இந்தப் பெரிய புள்ளிக்குள்ள நம்ம பூமி மாதிரி பத்து உருண்டையப் போடலாம்"னா.

"அப்ப வேப்பிலை வைங்க"ன்னேன்.

"வைக்கலாம், ஏணிதான் கிடைக்கல"ன்னா. வாய்க்காரி.

அவ குடுத்த படம் ஒண்ண கோமு படுக்க அறையில ஒட்டி வச்சிருந்தா. கிரகணத்து அன்னைக்கு எடுத்ததாம். நடுவுல கருப்பு வட்டம், சுத்தி வெள்ளை வெள்ளையா முடி மாதிரி பறக்கு. எப்பவும் அது சூரியனச் சுத்தி இருக்குமாம், சூரியன மறைச்சாத்தான் கண்ணுக்குத் தெரியுமாம். தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு ஒருத்தி நிக்க மாதிரி இருந்துச்சு தாயி. பிள்ளைத்தாச்சி படுக்க அறையில மாட்டுத படமா அது? நான் கிழிச்சுப் போட்டேன். அதுக்கு எம் மக அன்னைக்குப் பூரா எங்கூடப் பேசல.

ஒண்ணு சொல்லணும். அந்த ஜெபா ஒரு தடவ இவ காலப் பாத்துட்டு, "பெரியம்மா, காலு வீங்கியிருக்கே, வண்டி எடுக்கேன், ஒரு எட்டு பிரஷர் பாத்துட்டு வந்துருவோம்"னா. நாந்தான் வளைகாப்பு முடியட்டும், அதுக்கு முந்தி ஆஸ்பத்திரி வாசல மிதிக்க வேண்டாம்னேன். ரெண்டு தடவ மிதிச்சு வெறுங்கையோட வந்த வாசல்லா? பிள்ளைத்தாச்சிக்குக் காலு வீங்காம வேற யாருக்கு வீங்கும்? எனக்கு நாலு பேறுலயும் வீங்குச்சு.

எங்க விட்டேன்? ஆங். வளைகாப்பு. வளைகாப்புக்கு முந்தின நாளு ஜெபா ஓடி வந்தா. அந்தப் பெரிய புள்ளி வெடிச்சுருச்சாம். வெடிச்சதுல ஒரு புயல் கிளம்பி பூமிக்கு வருதாம். காத்துல்ல, மழையில்ல, காந்தப் புயலாம். மறுநாள் விட்டு அடுத்த நாள் காலையில வந்து சேரும்னா. அவ முகத்தப் பாக்கணுமே, அவளுக்குத்தான் வளைகாப்பு மாதிரி. இந்த ஒண்ணுக்காகத்தான் அந்தப் பொட்டல்ல அத்தன நாளும் கிடந்தாளாம். இது அடிக்கும்போது நம்ம கோட்டுக்கிட்ட எப்படி அடிக்கின்னு சரியாப் பிடிச்சுட்டா அவ படிப்பு கரையேறிருமாம்.

"ஏட்டி, எம் மக அங்கனதான உக்காந்திருக்கா, அவ மேல அடிக்காதா?"ன்னு கேட்டேன்.

"மனுஷங்களுக்கு ஒண்ணும் பண்ணாது பெரியம்மா. கரண்டு, கம்பி, மேல சுத்துத சாட்டிலைட்டு, இதுகளுக்குத்தான்"னா.

கம்பிய ஆட்டுமாம், எலும்பு கூடாத பச்சப்பிள்ளைய விட்டுருமாம். கேட்டியா கதைய? படிச்சவ பேசுத பேச்சா?

எம் மக உக்காருத இடம் எது தெரியுமா? அந்தக் கொட்டகைச் சுவரு. ரெட்டைச் சுவரு, மேல ஓலை, பக்கத்துல ஒரு வேம்பு. அந்த வேலிக்குள்ள குளிர்ச்சின்னா அது ஒரே இடந்தான். மத்தியானம் சாஞ்சா ஒரு மர நாற்காலியப் போட்டுக்கிட்டு அங்கனதான் கிடப்பா. சூரியன் அடிக்கப்போற இடத்துலயே போயி வயித்தத் தள்ளிக்கிட்டு உக்காந்திருக்கா. கையில இரும்பில்ல. பெத்தவ நான் என்ன செய்யட்டும்?

எங்க வீட்டுக்காரரு உழுத கலப்பையோட இரும்புக் கொழு எங்கிட்ட இருந்துச்சு. கலப்பை அடுப்புக்குப் போயிருச்சு, கொழுவ மட்டும் வச்சிருந்தேன். மண்ணுல உரசி உரசி நுனி பளபளன்னு தேஞ்சு, கையில எடுத்தா என்ன கனம்! என் நாலு பேறுக்கும் அதுதான் தலைமாட்டுல கிடந்துச்சு. நாலும் முழுசா நிக்கி. கடையில வாங்குத இரும்புக்கு அந்தச் சத்து வருமா?

வளைகாப்பன்னைக்கு சித்ரான்னம் ஊர்ல இருந்துதான் கிண்டிக் கொண்டுபோனோம். புளிச்சோத்துப் பித்தளை அண்டாவுக்கு அடியில வாழையிலையச் சுத்தி கொழுவ வச்சு, மேல சோத்த அமுக்கிட்டேன். வாசல்ல எங்க மருமவன் வந்த பொம்பளைங்ககிட்டலாம் "ஊக்கு, ஹேர்ப்பின்னு"ன்னு பெட்டிய நீட்டுதாரு. எங்க அண்ணன் பொண்டாட்டி, "வே மாப்பிளை, பல்லுல கம்பி கட்டியிருக்கேன், பல்லையும் கழட்டவா?"ன்னு கேட்டா. ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குள்ள அண்டா உள்ள போயிருச்சு.

வளையல் அடுக்கினோம். கோமு கையில கண்ணாடி வளையல் முழங்கை மட்டுக்கும். ஜெபா கையிலயும் போட்டு விட்டோம், பச்சையும் சிவப்புமா. அவ சாப்பிடக்கூட உக்காரல, கோடு விழுத அறைக்கு ஓடிட்டா. மத்தவங்க சாப்பிட்டு அசந்து படுத்துட்டாங்க. நான் கொழுவ எடுத்துக் கழுவி, மஞ்சத்துணியச் சுத்தி, குங்குமம் வச்சு, கோமு நாற்காலி போடுத இடத்துல சுவரோரமா குழி பறிச்சு வச்சு மூடினேன். தேங்காச் சிரட்டையாலதான் பறிச்சேன். மண்ணத் தட்டிட்டு எந்திரிச்சிருக்க மாட்டேன், அறைக்குள்ள இருந்து ஜெபா கத்திக்கிட்டு ஓடி வாரா.

"வந்துருச்சு பெரியம்மா! நாளைக்குத்தான் வரும்னாங்க, இன்னைக்கே வந்துருச்சு! கோடு ஒரே துள்ளு!"

என்னக் கட்டிப் பிடிச்சுத் தூக்கிச் சுத்துதா. கையெல்லாம் மண்ணு, நான் முந்தானைக்குள்ள மறைக்கேன். அவ அதையா பாக்கா? போனப் போட்டு ஊரு ஊராச் சொல்லுதா. வடக்க எங்கயோ சொல்லுதா, வெளிநாட்டுக்குச் சொல்லுதா. "எல்லாருக்கும் முந்தி எனக்குத்தான் தெரிஞ்சிருக்கு"ங்கா. அதுக்கப்புறந்தான் அந்தப் பிள்ளை ஒரு வாய் பாயசம் குடிச்சா.

கொஞ்ச நேரத்துல பதில் வர ஆரம்பிச்சுது. எங்களுக்கு ஒண்ணும் வரலியேங்காங்க. உனக்கு மட்டும் எப்படிம்மா வந்துச்சுங்காங்க. வரும்னு சொன்ன நேரத்துல, மறுநாள் காலையில, நிஜப்புயலும் வந்துச்சு. எல்லா ஊர்லயும் வந்துச்சு. ஆனா முந்தின நாள் துள்ளுன துள்ளு? அது இவகிட்ட மட்டுந்தான். அந்தப் பிள்ளை போன வச்சுக்கிட்டு அந்தத் துள்ளலயே திரும்பத் திரும்பப் பாத்தா. யாரோ சிரிச்சிருக்காங்க.

அப்புறம் டவுன் ஆபீசுல இருந்து ஒரு பெரியவரு வந்தாரு. கையில ஒரு பெட்டி. அதத் தரையோட தரையாப் பிடிச்சுக்கிட்டு, கிணத்துக்குத் தண்ணி பாக்க ஆளு மாதிரி நடந்தாரு. சுவரோரம் வந்ததும் அது கத்துச்சு பாரு, பூனை வாலை மிதிச்ச மாதிரி. தோண்டிட்டாங்க.

"யாரு வச்சது?"ன்னாரு.

எங்க மருமவன் என்ன ஒரே ஒரு தடவ பாத்தாரு. அப்புறம் அவருகிட்ட, "தெரியல சார். முந்தி உழுத நிலந்தான, அந்தக் காலத்துக் கொழுவா இருக்கும். நாந்தான் பாக்காம விட்டுட்டேன்"னாரு.

"அந்தக் காலத்துக் கொழுவுல குங்குமம் காயாம இருக்கே ஆவுடையப்பா?"ன்னாரு பெரியவரு.

அதச் சொல்லிட்டு ஒரு பேப்பர்ல சுத்துதாரு. எடுத்துட்டுப் போயிட்டா எம் மக கதி? முன்னால போயி, "ஐயா, அது என் பொருளு. எங்க வீட்டுக்காரரு கொழு. திருப்பிக் குடுத்துட்டுப் போங்க"ன்னு கேட்டேன். என் பொருள நான் கேட்டேன், அதுல என்ன தப்பு? அதுக்குத்தான் எல்லாரும் என் மேல பாயுதாங்க. நான் வாயத் திறக்காம இருந்திருந்தா மருமவன் வேலை தப்பிச்சிருக்குமாம். பொய் சொன்னாருன்னு அவர அன்னைக்கே போகச் சொல்லிட்டாங்க. கொழுவயும் தரல. "விசாரணை முடியட்டும்மா"ன்னாரு பெரியவரு.

ஜெபா தரையில உக்காந்துட்டா. கையில நாங்க போட்ட வளையல். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே பெரியம்மா"ன்னா.

"சொன்னா விட்டிருப்பியாட்டி?"

"விட்டிருக்க மாட்டேன். கோமு நாற்காலியத் தூக்கி வேலிக்கு வெளிய ஒரு மரத்தடியில போட்டுட்டு, அவ கையில எத்தன இரும்பு வேணும்னாலும் குடுத்திருப்பேன்."

இப்பச் சொல்லுவா.

நான் ஒண்ணு கேக்கேன், நீ படிச்ச பிள்ளை, நீ சொல்லு. இரும்ப வச்ச மறு நிமிஷம் கோடு துள்ளுச்சுல்லா? அப்படின்னா என்ன அர்த்தம்? எம் மக மேல விழ வேண்டிய அடி விழுந்துச்சு, அத இரும்பு வாங்கிக்கிடுச்சு. அவங்க பெட்டியே சாட்சி. அத ஒருத்தரும் ஒத்துக்கிட மாட்டேங்காங்க. நான் வச்சதுனாலதான் கோடு துள்ளுச்சுங்காங்க. அதத்தான தாயி நானும் சொல்லுதேன்!

தோண்டி எடுத்துட்டாங்க. வேலை போச்சு, வீடு போச்சு. ரெண்டு பேரையும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். கோமு சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்தா. ஒரு தடவதான் வாயத் திறந்தா. "எனக்காகவாம்மா புதைச்ச? உன் பயத்துக்காகப் புதைச்ச"ன்னா. என்ன பேச்சு பாரு. அதுல இருந்து கஞ்சியக் குடுத்தா வாங்க மாட்டா, அவரு குடுத்தாத்தான் குடிப்பா. காலு வீக்கம் முழங்காலுக்கு ஏறுச்சு. நேத்து கண்ணு இருட்டுதுன்னா. இரும்ப எடுத்த பிறகுதான எல்லாம்?

நேத்து ஆம்புலன்சுல என்ன ஏத்திக்கிடல. அவதான் வேண்டாம்னா. "அம்மா வந்தா அழுவா, எனக்குப் பயமா இருக்கும்"னா.

இன்னைக்குக் காலையில மருமவன் போன் பண்ணுதாரு. "அத்தை, ஆபரேஷன் பண்ணணுங்காங்க. ரெண்டு உயிர்ல ஒண்ணுக்குக்கூட இப்ப உறுதி சொல்ல முடியாதுங்காங்க. கோமு உங்களக் கேக்கா. அம்மா வரட்டும், அம்மா கையப் பிடிச்சுக்கிட்டாத்தான் உள்ள போவேங்கா. எங்கயும் நிக்காம நேரா வாங்க அத்தை"ங்காரு.

பேசாம இருந்த மக என்னக் கேக்கா! அப்பவே எனக்கு விளங்கிருச்சு. என்னக் கேக்கான்னா என்ன அர்த்தம்? கொழுவக் கொண்டு வான்னு அர்த்தம். அவரு பக்கத்துல நிக்கும்போது வாய் விட்டுச் சொல்ல முடியுமா? வேலையத் தின்ன இரும்புல்லா அவருக்கு? அதான் நாசூக்கா அம்மாவ வரச் சொல்லுதா. எம் மகள எனக்குத் தெரியாதா?

அதான் ஆபீசுக்குப் போறேன். அந்தப் பெரியவரு கால்ல விழுந்துருவேன். ஒரு நாளைக்குக் குடுங்கய்யா, பிள்ளை பிறந்ததும் நானே கொண்டாந்து வச்சுருதேன்னு கேப்பேன். மாட்டேன்னா அந்த அலமாரி முன்னாலயே படுத்துருவேன்.

நீ எங்க தாயி இறங்குத? ஆஸ்பத்திரி ஸ்டாப்பா? யாருக்கு, உங்க சின்னம்மாவுக்கா? நல்லாயிருவா, நல்லாயிருவா.

என்ன, நானும் இறங்கணுமா? என்ன தாயி நீ, இவ்வளவு நேரம் கேட்டுட்டு இப்படிச் சொல்லுத? வெறுங்கையோடயா போகச் சொல்லுத? ரெண்டு தடவ வெறுங்கையோடதான நின்னேன் அந்த வாசல்ல. இல்ல, இல்ல, கைய விடு. ஆபீசு இன்னும் நாலு ஸ்டாப்புதான். போனேன் வந்தேன்னு வந்துருவேன். விடு தாயி, கண்டக்டரு பாக்காரு.

நீ இறங்குதன்னா எனக்கு ஒண்ணு செய்யி. உன் சின்னம்மாவப் பாக்குததுக்கு முந்தி பிரசவ வார்டுக்குப் போ. கோமதி, ஆவுடையப்பன் பொண்டாட்டின்னு கேளு. உள்ள கொண்டுபோகாம இருந்தாங்கன்னா பக்கத்துல போயி நில்லு. பேசாத. குரலு காட்டிக் குடுத்துரும். கைய மட்டும் பிடிச்சுக்கோ, இந்தா, இப்படி, பெருவிரல உள்ள வச்சு. சின்னப்பிள்ளையில இருந்து அவ இப்படித்தான் பிடிப்பா.

கண்ணு இருட்டிப் போயிக் கிடக்கா தாயி. யாரு கைன்னு அவளுக்குத் தெரியவா போகுது?